காலேஜ் பாஸ்கெட்பால் ஹெட் கோச் ஆகறது எப்படி? கொஞ்சம் நீளமான பதில்

இங்க அமெரிக்கால எம்.எஸ். படிக்க வந்திருக்கிற தம்பி ஒருத்தரு முதல் தடவையா மார்ச் மேட்னஸ், அதாவது காலேஜ் பாஸ்கெட்பாலோட நேஷனல் டோர்னமென்ட், பாத்துட்டு மூணு கேள்வி கேட்டிருந்தாரு. சைடுல நின்னு தொண்டை கிழிய கத்துற இந்த காலேஜ் கோச்சுங்க எல்லாம் ஒரு காலத்துல பெரிய பிளேயருங்களா, இந்த வேலைக்கு எப்படி வந்து சேர்றாங்க, கவர்னரை விட இவங்களுக்கு சம்பளம் ஜாஸ்தின்னு ரூம்மேட் சொல்றான் அது நிஜமா. போற போக்குல நாலாவதா ஒண்ணு, தன்னை மாதிரி ஆளுங்க உள்ள நுழைய முடியுமான்னு. நான் இண்டியானால இருபது வருஷமா இருக்கேன், இந்த ஊர்ல இருந்துக்கிட்டு பாஸ்கெட்பால் தெரியாதுன்னு சொல்றது அலங்காநல்லூர்ல பொறந்துட்டு காளையைப் பாத்ததில்லன்னு சொல்ற மாதிரி, அதனால எனக்குத் தெரிஞ்சத கொட்டிடறேன்.

சம்பளம் நிஜம்தான். பல ஸ்டேட்ல கவர்ன்மென்ட் சம்பளம் வாங்குறவங்கள்ல முதல் இடம் அமெரிக்கன் ஃபுட்பால் கோச்சுக்கோ பாஸ்கெட்பால் கோச்சுக்கோதான், கவர்னர் எல்லாம் ரொம்ப கீழ. ஆனா அந்த எடத்துக்கு வர்றதுக்கு முன்னாடி பத்து பதினஞ்சு வருஷம் என்ன வாங்குனாங்கன்னு யாரும் கேக்கறதில்ல. அதுக்கு வரேன்.

பெரிய பிளேயரான்னா, பெரும்பாலும் இல்ல. மிச்சிகன் ஸ்டேட் யூனிவர்சிட்டியோட டாம் இஸ்ஸோ சின்ன காலேஜான நார்தர்ன் மிச்சிகன்ல ஆடுனவரு. பட்லர் காலேஜை ரெண்டு தடவை ஃபைனலுக்கு கூட்டிட்டுப் போன பிராட் ஸ்டீவன்ஸ் ஆடுனது டிவிஷன் த்ரீ, அதாவது மூணாவது தட்டு, ஸ்காலர்ஷிப்பே கிடையாத எடம். டஸ்டி மே அதுகூட இல்ல, இண்டியானா யூனிவர்சிட்டில பாபி நைட் கோச்சா இருந்த காலத்துல ஸ்டூடன்ட் மேனேஜர், அதாவது துண்டு எடுத்துக் குடுக்கறது, பந்து பொறுக்கறது. அவருதான் 2023ல ஃப்ளோரிடா அட்லான்டிக்னு பாதி பேரு கேள்வியே படாத ஒரு காலேஜை ஃபைனல் ஃபோருக்கு, அதாவது டோர்னமென்ட்டோட கடைசி நாலு டீமுக்குள்ள, கொண்டு போயிட்டு, அடுத்த வருஷம் மிச்சிகன்ல வேலைக்கு சேந்தாரு. எதிர்பக்கம் பாருங்க, பேட்ரிக் யூயிங். ஜார்ஜ்டவுனுக்கு 1984ல சாம்பியன்ஷிப் வாங்கிக் குடுத்த ஆளு, அந்த காலேஜோட குலதெய்வம்னே சொல்லலாம், 2017ல அதே எடத்துக்கு கோச்சா வந்தாரு. 2021-22 சீசன்ல கான்ஃபரன்ஸ் மேட்ச், அதாவது தன் லீக் டீமுங்களோட மேட்ச், 19 ஆடி 19லயும் தோல்வி. 2023ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. தான் நல்லா ஆடறது வேற, பத்தொன்பது வயசுப் பையனை ஆட வைக்கிறது வேற.

இந்த விஷயத்துல நான் புரிஞ்சுக்கிட்டது ஒண்ணுதான். டிவிஷன் ஒன்ல, அதாவது மேல் தட்டுல, ஆம்பளைங்க டீம் மட்டும் 360க்கு மேல, வருஷா வருஷம் மார்ச் ஏப்ரல்ல ஐம்பது அறுபது எடம் காலியாகும். ஒவ்வொரு எடத்துக்கும் யாருன்னு முடிவு பண்றது அந்த காலேஜோட அத்லெடிக் டைரக்டர், சுருக்கமா ஏ.டி., அதுவும் ஒரு வாரம் பத்து நாளைக்குள்ள. பரீட்சை கிடையாது, லைசென்ஸ் கிடையாது, சீனியாரிட்டி கிடையாது. ஏ.டி. ஃபோன் எடுத்து நம்பிக்கையான நாலு பேருகிட்ட கேப்பாரு, அந்த நாலு பேரு வாயில உங்க பேரு வரணும். ஆக மொத்தம் அந்த ஒரு வாரத்துக்காக பதினஞ்சு வருஷம் வேலை பாக்கறாங்க.

அந்த பதினஞ்சு வருஷம் எப்படி இருக்கும்? வழக்கமான படி என்னன்னா ஸ்டூடன்ட் மேனேஜர், அப்புறம் கிராஜுவேட் அசிஸ்டன்ட், அப்புறம் வீடியோ கோஆர்டினேட்டர், அப்புறம் டைரக்டர் ஆஃப் ஆபரேஷன்ஸ், அப்புறம் அசிஸ்டன்ட் கோச். டைரக்டர்னு பேரு பெருசா இருக்கேன்னு நினைக்காதீங்க. எங்க ஊருக்குப் பக்கத்துல ஒரு சின்ன காலேஜ், ஜிம்ல ஆயிரம் பேரு உட்காரலாம், வந்தது இருநூறு பேரு, நவம்பர் மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை மேட்ச். மேட்ச் முடிஞ்சு வெளிய வரேன், வெளியூர்ல இருந்து வந்த டீமோட டைரக்டர் ஒரு கையில ஃபோன் இன்னொரு கையில பீட்சா டப்பா அடுக்குன்னு பஸ் கதவுகிட்ட நின்னு தன்னோட பசங்களுக்கு ஆளுக்கு ஒண்ணுன்னு எண்ணி எண்ணி குடுத்துட்டு இருந்தாரு, ஒரு டப்பா குறையுது. தனக்கு வச்சிருந்ததை எடுத்து கடைசிப் பையன்கிட்ட குடுத்துட்டு பஸ்ல ஏறிட்டாரு. ராத்திரி நாலு மணி நேரம் பஸ்ல அடுத்த டீமோட வீடியோவை வெட்டணும், காலையில ஹெட் கோச் டேபிள்ல ஸ்கவுட்டிங் ரிப்போர்ட் இருக்கணும்.

சம்பளம்னு கேட்டீங்கன்னா ராய் வில்லியம்ஸ் கதையைத்தான் சொல்லணும். வட கரோலினால ஒரு ஹைஸ்கூல்ல அஞ்சு வருஷம் ஹெட் கோச், நிலையான வேலை, கல்யாணம் ஆகி குழந்தை. 1978ல அதை விட்டுட்டு யூ.என்.சி.ல, அதாவது அதே ஸ்டேட் யூனிவர்சிட்டில, ஹெட் கோச் டீன் ஸ்மித்துக்கு கீழ பார்ட் டைம் அசிஸ்டன்ட்டா சேந்தாரு. வருஷத்துக்கு 2,700 டாலர். மாசத்துக்கு இல்ல, வருஷத்துக்கு. குடும்பம் ஓடணுமே, அதனால டீம் காலண்டர் வித்தாரு, ஊர் ஊரா போயி கடை கடையா ஏறி எறங்கி. ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா டீன் ஸ்மித்தோட டிவி ஷோ டேப்பை கார்ல போட்டுக்கிட்டு ஸ்டேட்டோட மறுகோடி டிவி ஸ்டேஷன் வரைக்கும் ஓட்டிட்டுப் போயி குடுத்துட்டு வருவாரு, அதுக்கு தனியா கொஞ்சம் காசு. அங்க அசிஸ்டன்ட்டா மொத்தம் பத்து வருஷம். 1988ல கேன்சஸ் காலேஜ் அப்பதான் சாம்பியன்ஷிப் ஜெயிச்சிருக்கு, ஜெயிச்ச கையோட கோச் லாரி பிரவுன் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வுக்குப் போயிட்டாரு, கூடவே ரூல் மீறல்னு விசாரணை, அது அடுத்த வருஷ டோர்னமென்ட்ல ஆடத் தடையில போயி முடிஞ்சுது. காலேஜ் லெவல்ல ஒரு மேட்ச்சுக்குக் கூட ஹெட் கோச்சா இருக்காத ராய் வில்லியம்ஸை அங்க உட்கார வச்சாங்க. எப்படி? டீன் ஸ்மித்தே கேன்சஸ் பழைய மாணவரு, 1952 சாம்பியன் டீம்ல இருந்தவரு, அவரு வார்த்தைக்கு அங்க அவ்வளவு மதிப்பு.

இதுல இன்னொரு ருசி இருக்கு. டீன் ஸ்மித்தோட கோச் ஃபாக் ஆலன். ஃபாக் ஆலனோட கோச் ஜேம்ஸ் நெய்ஸ்மித், அதாவது 1891ல இந்த ஆட்டத்தையே கண்டுபிடிச்ச ஆளு. நம்ம ஊர்ல கச்சேரி பாக்க போனா யாருகிட்ட பாடம்னு முதல்ல கேப்பாங்கல்ல, அதே மாதிரிதான் இங்கயும், யாரு பெஞ்சுல இருந்தன்னுதான் முதல் கேள்வி. அப்புறம் ஒரு தமாஷ், கேன்சஸ் ஹெட் கோச்சுங்க வரிசையிலேயே ஜெயிச்சதை விட தோத்தது அதிகமா இருக்கிற ஒரே ஆளு அந்த நெய்ஸ்மித்துதான், 55 வெற்றி 60 தோல்வி. இன்னைக்கா இருந்தா தூக்கிருப்பாங்க.

அடிமட்ட சம்பளம் பத்தி ஒரு கோர்ட் கேஸே உண்டு. காலேஜ் விளையாட்டுக்கு ரூல் போடற அமைப்பு என்.சி.ஏ.ஏ., 1992ல ஒரு ரூலை அமலுக்கு கொண்டு வந்துச்சு, ஒவ்வொரு டீம்லயும் ஒரு அசிஸ்டன்ட் வருஷத்துக்கு 16,000 டாலருக்கு மேல வாங்கக் கூடாதுன்னு, 12,000 படிப்பு சீசனுக்கு 4,000 சம்மருக்கு. செலவைக் குறைக்கிறோம், இளசுங்களுக்கு எடம் குடுக்கிறோம்னு காரணம் சொன்னாங்க. கோச்சுங்க கேஸ் போட்டாங்க, எல்லா காலேஜும் சேந்து சம்பளத்தை இப்படி கட்டிப் போடறது சட்டப்படி தப்புன்னு 1998ல அப்பீல் கோர்ட்டும் சொல்லிடுச்சு, கடைசியில 1999ல 54.5 மில்லியன் டாலர் குடுத்து முடிச்சாங்க. அதே சமயத்துல ஹெட் கோச்சுங்க ஷூ கம்பெனி காசு வாங்கிட்டு இருந்தாங்கன்றத ஞாபகம் வச்சுக்கோங்க.

அசிஸ்டன்ட் ஆனதும் வேலைன்னா முக்காவாசி ரெக்ரூட்டிங், அதாவது நல்லா ஆடற ஸ்கூல் பசங்களை தன் காலேஜுக்கு இழுக்கறது. ஜூலை மாசம் பெரிய பெரிய ஹால்ல ஒரே நேரத்துல எட்டு பத்து கோர்ட்ல ஸ்கூல் பசங்க டோர்னமென்ட் ஓடும், ஓரத்துல மடக்கு நாற்காலி போட்டு கோச்சுங்க வரிசையா உட்கார்ந்திருப்பாங்க, எல்லாரும் அவங்கவங்க காலேஜ் லோகோ போட்ட டீ ஷர்ட்ல. பையன்கிட்ட அங்க பேசக் கூடாது, ரூல். ஆனா பையன் கண்ணுல அந்த லோகோ படணும். அதனால ஏற்கனவே நூறு தடவை பாத்த பையனோட மேட்ச்சுக்கும் வந்து உட்காருவாங்க, பாக்கறதுக்கு இல்ல, பாக்கப்படறதுக்கு. இதுல ஒரு கசப்பு என்னன்னா கருப்பின அசிஸ்டன்ட்டுங்களை ரொம்ப காலம் இந்த ரெக்ரூட்டர் வேலையிலயே ஒதுக்கி வச்சாங்க, ஆட்ட மூளை எல்லாம் வேற ஆளுன்னு. ஆடற பசங்க பெரும்பாலும் கருப்பினத்தவங்க, ஆனா ஹெட் கோச் நாற்காலியில அந்த அளவு இல்ல. அதனாலதான் நோலன் ரிச்சர்ட்சன் போன பாதை வேற மாதிரி, எல் பாசோல ஹைஸ்கூல், அப்புறம் வெஸ்டர்ன் டெக்ஸஸ்னு ஒரு ரெண்டு வருஷ ஜூனியர் காலேஜ், அங்க 1980ல நேஷனல் சாம்பியன், அப்புறம் டல்ஸா, 1985ல ஆர்கன்சா, 1994ல அங்கயும் சாம்பியன். எந்தப் பெரிய ஆளு நிழல்லயும் நிக்காம, போன எடத்துல எல்லாம் ஹெட் கோச்சாவே ஜெயிச்சுக் காட்டி வந்தவரு.

பிராட் ஸ்டீவன்ஸ் வந்த வழியும் சொல்லிடறேன், ஐ.டி. பசங்களுக்குப் பிடிக்கும். எலை லில்லி மருந்து கம்பெனில நல்ல வேலை, 2000ல அதை விட்டுட்டு பட்லர்ல சம்பளமே இல்லாம வாலண்டியரா சேரப் போறாரு. செலவுக்கு ஆப்பிள்பீஸ் ஓட்டல்ல சர்வர் வேலைக்கு சொல்லி வச்சிருந்தாரு, அதுக்குள்ள உள்ளேயே ஒரு சின்ன சம்பள எடம் காலியாச்சு. ஏழு வருஷம் கழிச்சு ஹெட் கோச் அயோவாவுக்கு கெளம்ப, 30 வயசுல இவரை போட்டாங்க. 2010 ஃபைனல்ல டியூக் கிட்ட 61-59ல தோத்தாங்க, கடைசி செகண்ட்ல பட்லர் பிளேயர் ஹேவர்ட் பாதி கோர்ட்ல இருந்து எறிஞ்சது வளையத்துல பட்டு வெளிய வந்துச்சு, இன்டியானாபோலிஸ்லயே நடந்த மேட்ச், எங்க ஊரே ரெண்டு நாள் சோறு திங்கல.

சரி, முதல் ஹெட் கோச் வேலை. உண்மையான கண்டம் இங்கதான். முதல் எடம் பெரும்பாலும் சின்ன காலேஜ், அங்க ஒரு கொடுமை இருக்கு. நவம்பர் டிசம்பர்ல பெரிய காலேஜுங்க சின்ன காலேஜை காசு குடுத்து வரவழைப்பாங்க, ஒரு மேட்ச்சுக்கு பல சமயம் 80,000, 90,000 டாலர். போறது தோக்கறதுக்குத்தான், எல்லாருக்கும் தெரியும். அந்தக் காசுல காலேஜோட அத்லெடிக் பட்ஜெட்டே ஓடுது, ஆனா தோல்வி உங்க பேருல ஏறுது. டிசம்பர் முடியறப்போ மூணு வெற்றி ஒன்பது தோல்வின்னு நிப்பீங்க, அதுக்கப்புறம்தான் உங்க சைஸ் டீமுங்களோட கான்ஃபரன்ஸ் மேட்ச். இந்த எடத்துலயே நாலஞ்சு வருஷத்துல காணாமப் போனவங்கதான் நிறைய பேரு, அவங்க பேரு நமக்குத் தெரியாது.

தப்பிச்சு மேல வந்தா எல்லாமே வேகம். 2022ல ஜெர்சி சிட்டி செயின்ட் பீட்டர்ஸ், 15வது சீடு, அதாவது தரவரிசையில அடிமட்டம், கென்டக்கியை அடிச்சு கடைசி எட்டு டீம் வரைக்கும் வந்துச்சு. கோச் ஷஹீன் ஹாலோவே. டோர்னமென்ட் முடிஞ்சு சில நாள்லயே தான் படிச்ச சீட்டன் ஹாலுக்கு மாறிட்டாரு. துரோகம்னு சில பேரு திட்டினாங்க, எனக்கு அப்படித் தோணல, அந்த ஜன்னல் மறுபடி தொறக்குமான்னு யாருக்குத் தெரியும்.

டான் ஹர்லி வேற ரகம், படிப்படியா. அப்பா பாப் ஹர்லி ஹைஸ்கூல் கோச்சிங்ல பெரிய ஜாம்பவான், அண்ணன் டியூக்ல ஸ்டாரு, இவரு ரெண்டு பேரு நிழல்லயும் வளந்தவரு. நூவார்க்ல செயின்ட் பெனடிக்ட்ஸ் ஸ்கூல்ல ஒன்பது வருஷம் கோச், 2010ல வேக்னர், 2012ல ரோட் ஐலண்ட், 2018ல யூகான், அதாவது கனெக்டிகட் யூனிவர்சிட்டி. கவனிச்சீங்கன்னா ஒவ்வொரு எடத்துலயும் முதல் வருஷம் அடிதான், வேக்னர்ல 13-17, ரோட் ஐலண்ட்ல 8-21, யூகான்ல 16-17. ஆனா யூகான்ல 2023லயும் 2024லயும் அடுத்தடுத்து சாம்பியன், அப்புறம் என்.பி.ஏ. டீம் லேக்கர்ஸ் 70 மில்லியன் டாலர் பக்கம் குடுக்கறோம்னு வந்து கூப்பிட்டும் போகல.

முதல் வருஷ அடியைத் தாங்கற ஏ.டி. கிடைக்கிறதும் அதிர்ஷ்டம். டியூக் 1980ல மைக் ஷெஷெவ்ஸ்கியை எடுத்தப்போ அவரு ஆர்மி காலேஜ்ல 9-17 முடிச்சிருந்தாரு. ஏ.டி. டாம் பட்டர்ஸ் இன்டர்வியூ பண்ணி அனுப்பிட்டு, மனசு கேக்காம ஏர்போர்ட்டுக்கு ஆள் அனுப்பி திரும்பக் கூட்டிட்டு வந்து வேலை குடுத்தாரு. மறுநாள் ஸ்டூடன்ட் பேப்பர்ல அந்தப் பேரைப் போட்டு ‘இது அச்சுப்பிழை இல்ல’ன்னு தலைப்பு. முதல் மூணு சீசன் கணக்கு 38-47. மூணாவது சீசன் கடைசி மேட்ச்ல வர்ஜீனியா கிட்ட 109-66னு உதை. காசு குடுக்குற பழைய மாணவருங்க எல்லாம் தூக்கு தூக்குன்னாங்க, பட்டர்ஸ் 1984 ஜனவரியில ஆளைக் கூப்பிட்டு கான்ட்ராக்டை நீட்டிச்சு விட்டாரு. அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும், அஞ்சு சாம்பியன்ஷிப், 2022ல ரிட்டயர் ஆகறப்போ 1,202 வெற்றி. இன்னைக்கு எந்த ஏ.டி.யும் அப்படி மூணு வருஷம் பொறுப்பாருன்னு நான் நம்பல.

தூக்கறப்போ ஹெட் கோச்சுக்கு நஷ்டம் கம்மி, கான்ட்ராக்ட் மிச்சத்துக்கு பைஅவுட் வரும், சில பேருக்கு கோடிக்கணக்குல. மாட்டறது அசிஸ்டன்ட்டுங்க, ஏன்னா புதுசா வர்றவரு தன் ஆளுங்களோடதான் வருவாரு. எங்க தெருவுல ஒருத்தரு இருந்தாரு, ஒரு காலேஜ்ல அசிஸ்டன்ட். ஒரு மார்ச் மாசம் ஸ்கூல்ல பொண்ணைக் கூட்டிட்டு வர்ற வழியில ஃபோன்லதான் அவருக்கே தெரியுது, ஹெட் கோச்சைத் தூக்கிட்டாங்கன்னு. ஓட்டிட்டிருந்த கார் டீலர் கோச்சுங்களுக்கு ஓசியில குடுக்கற வண்டி, அது அந்த வாரமே திரும்பிப் போச்சு. ஏப்ரல்ல ஃபைனல் ஃபோர் நடக்குற ஊர்லதான் கோச்சுங்க மாநாடும் நடக்கும், ஓட்டல் லாபில நின்னு தெரிஞ்சவங்க முகத்தைப் பாத்து வேலை தேடணும், அதுக்குக் கெளம்பினப்போ ஏர்போர்ட்டுக்கு என் வேன்லதான் கொண்டு விட்டேன். வழியெல்லாம் பேசவே இல்ல, எறங்கறப்போ மட்டும் கோட்டுல பழைய காலேஜ் பின் குத்தியிருக்கான்னு பாருங்கன்னாரு. இருந்துச்சு. கழட்டி பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு.

பொண்ணுங்க டீம் பக்கம் கதை வேற. டென்னஸீல பேட் சம்மிட் 1974ல ஹெட் கோச் ஆனப்போ வயசு 22, மாசம் 250 டாலர், யூனிஃபார்மை அவங்களே துவைப்பாங்க, வேனை அவங்களே ஓட்டுவாங்க, அந்த யூனிஃபார்மே டோனட் வித்த காசுல வாங்கினது. 1,098 வெற்றி, எட்டு சாம்பியன்ஷிப்போட 2012ல விலகினாங்க, முந்தின வருஷம்தான் அல்சைமர்னு தெரிஞ்சிருந்துச்சு. 1972ல படிப்புலயும் விளையாட்டுலயும் ஆண் பெண் பாகுபாடு கூடாதுன்னு டைட்டில் நைன் சட்டம் வந்து பொண்ணுங்க விளையாட்டுக்கு காசு வர ஆரம்பிச்சதும் என்ன ஆச்சுன்னா, எல்லா ஆட்டத்தையும் சேத்து அதுவரைக்கும் பொண்ணுங்க டீமுங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல பெண் கோச்சுங்க இருந்தது பாதிக்கும் கீழ எறங்கிடுச்சு, சம்பளம் வந்ததும் ஆம்பளைங்க வந்துட்டாங்க. டான் ஸ்டேலி மாதிரி ஆளுங்க அதை மீறி வந்தவங்க, 2000ல டெம்பிள்ல ஹெட் கோச் ஆனப்போ தொழில்முறையா ஆடிட்டும் இருந்தாங்க, அசிஸ்டன்ட் வேலையே பாத்ததில்ல. சவுத் கரோலினால 2024ல 38-0.

இப்ப எல்லாமே மாறிட்டு வருது. 2021ல இருந்து பசங்க ஒரு வருஷம் சும்மா உட்காராமலே காலேஜ் மாறலாம், அதே வருஷம் ஜூலைல இருந்து தன் பேரை வச்சு காசும் சம்பாதிக்கலாம், 2025ல இருந்து காலேஜே நேரா பங்கு குடுக்குது, எல்லா ஆட்டத்துக்கும் சேத்து முதல் வருஷம் 20.5 மில்லியன் டாலர் வரைக்கும். முன்னாடி பையனை நாலு வருஷம் வளத்தாங்க, இப்ப ஏப்ரல் வந்தா பாதி டீமை புதுசா வாங்கணும். டோனி பென்னட் 2019ல வர்ஜீனியாவுக்கு சாம்பியன்ஷிப் வாங்கிக் குடுத்தவரு, 2024 அக்டோபர்ல சீசனுக்கு சில வாரம் இருக்கறப்போ இந்தச் சூழலுக்கு நான் சரிப்பட மாட்டேன்னு சொல்லிட்டு விலகிட்டாரு, வயசு 55தான். காலேஜுங்க இப்ப ஜெனரல் மேனேஜர்னு தனியா ஆள் வைக்குது, எந்தப் பையனுக்கு எவ்வளவு குடுக்கலாம்னு கணக்குப் போட.

தம்பியோட நாலாவது கேள்விக்கு அதுலதான் பதிலும் இருக்கு. டேட்டா தெரிஞ்ச பசங்களுக்கு இப்ப அந்த ஆபீஸ்ல வேலை இருக்கு. ஆகஸ்ட்ல செமஸ்டர் ஆரம்பிச்சதும் பாஸ்கெட்பால் ஆபீஸுக்கு நேராப் போயி ஸ்டூடன்ட் மேனேஜர் எடுக்கறீங்களான்னு கேளுங்க, விசா ரூலை மட்டும் முதல்ல இன்டர்நேஷனல் ஆபீஸ்ல கேட்டுக்கோங்க, வாலண்டியரா இருந்தாலும். பைத்தான் தெரியும், மாடல் போடுவேன்னு எல்லாம் சொல்லுங்க, கேட்டுக்குவாங்க. ஆனா முதல் நாள் கையில குடுக்கப்போறது பிராக்டிஸ் முடிஞ்ச பதினஞ்சு பேரோட ஈரத் துணி மூட்டை, வாஷிங் மெஷின் எந்தப் பக்கம்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க.